புளூடூத் மேல் போட்ட பழி

கோயமுத்தூர்ப் பக்கம் ஒருவருடைய வேலை கெட்டுப்போய்விட்டது என்பதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "பரவால்லீங்க" என்பார்கள். தை மாதத்தில் அன்னூரில் நடந்த ஒரு கல்யாண வரவேற்பின் முடிவில், டிஜே மதன்குமாரின் கையைப் பெண்ணின் தாய்மாமன் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னார்.

"பரவால்லீங்க தம்பி. நல்லாத்தானுங்க இருந்துச்சு. சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்."

நன்றாக இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பெண்ணும் அவள் தோழிகளும் ஆடிக்கொண்டிருந்தபோது மதன்குமார் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு மாற்றினார். இரண்டு பாட்டின் தாளமும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. ஒன்று முன்னே ஓட மற்றொன்று பின்னே தடதடவென்று துரத்தியது. ஆடியவர்களின் கால் பின்னிக்கொண்டது. ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மதன்குமார் பெரிய கலைஞர் என்று சொல்வதற்கில்லை. அன்னூருக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பாலிடெக்னிக் முடித்து, கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலைக்குப் போனார். விடுமுறை நாட்களில் ஒலிபெருக்கிக்காரரோடு கோயில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் போய்ப் பெட்டி தூக்கினார். சில வருஷங்களில் மோட்டாரை விட்டுவிட்டு முழுக்க இந்தப் பக்கம் வந்துவிட்டார். அவருடைய பாட்டுத் தேர்வில் புதுமை எதுவும் கிடையாது. மைக்கில் பேசினால் சுமாராகப் பேசுவார். ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியதே தெரியாமல் சனங்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். அது ஒன்றுதான் அவருக்கு வரும். அதற்கு மேல் புகழ்ந்தால் பொய்யாகிவிடும்.

அந்த ஒன்று எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஹாலில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து வரப்போகும் பாட்டை டிஜே மட்டும் ஹெட்போனில் கேட்பார். ஒரு காதில் ஹெட்போன், மறு காது ஹாலுக்கு. இரண்டு தாளமும் ஒன்றாக விழும்வரை பின்னதை முடுக்கியோ தளர்த்தியோ சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் ஹாலுக்கு விடுவார். இதைத் தானே செய்துகொள்ளும் பொத்தான் இப்போது எல்லா மெஷினிலும் உண்டு. ஆனால் கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் கேட்கப்படுவது பழைய சினிமாப் பாட்டு. மனிதர்கள் கையால் அடித்த தாளம் அது. சரணத்தில் கொஞ்சம் வேகம் கூடும், பல்லவியில் குறையும். மெஷின் அதில் ஏமாந்துபோகும். கடைசியில் காதுதான் துணை. மதன்குமாருக்கு இடது காதில் ஹெட்போன், வலது காது ஹாலுக்கு. தொடங்கிய நாளிலிருந்து அதுதான் பழக்கம்.

அன்னூரில் அவர் மாட்டியிருந்தது ஒயர்லெஸ் ஹெட்போன். அது வீட்டுக்கென்று வாங்கியது. துடியலூரில் மாடி வீட்டில் குடியிருக்கிறார். கீழ் வீட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பெண் இருந்ததால் ஸ்பீக்கர் போட முடியவில்லை. ஒயர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசையருகே மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். மனைவி கோகிலவாணி அதைக் கிண்டல் செய்வாள்.

"கட்டுத்தறியில கட்டுன மாடாட்ட உக்காந்திருக்கீங்க. அவுத்து உட்டாத்தான் எந்திரிப்பீங்களாட்ட இருக்குது."

அதன்பிறகு ஒயர்லெஸ் வந்தது. அதை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினார், மொட்டை மாடியில் துணி காயப்போட்டார், வெங்காயம் உரித்தார். வீட்டில் பாட்டு கேட்பதற்கு அதைவிடச் சௌகரியம் இல்லை. அதில் சத்தம் கண்ணிமைக்கும் நேரம் தாமதமாகத்தான் காதுக்கு வரும். வந்தால் என்ன? வீட்டில் கேட்பது ஒரே சத்தம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று கிடையாது.

அன்னூர் வரவேற்புக்கு முந்தின நாள் பழைய ஒயர் ஹெட்போனின் கம்பி வண்டியின் கதவில் மாட்டி அறுந்தது. வேறு வழியில்லாமல், பாட்டைக் கலக்கும் மிக்சரில் ஹெட்போன் செருகும் துளையில் ஒரு சின்ன புளூடூத் கருவியைச் செருகி ஒயர்லெஸ்ஸைக் கொண்டுபோனார். ஹாலில் தாளம் சேராததற்குக் காரணம் அந்தத் தாமதம்தான் என்று ஊர் திரும்பும் வழியில் முடிவு செய்தார். முடிவு செய்ததும் மனசு லேசானது.

அதற்கு முந்தின ஆவணி முகூர்த்தங்களிலும் இரண்டு இடத்தில் "பரவால்லீங்க" என்று சொல்லியிருந்தார்கள். அப்போது அவர் மாட்டியிருந்தது ஒயர் ஹெட்போன். அந்த நினைவு வந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டார். குற்றம் ஹெட்போனுடையதாக இருந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். தன்னுடையதாக இருந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இப்படி இரண்டு காரணம் எதிரே நிற்கும்போது மனிதன் உண்மையானதைத் தேடுவதில்லை, தாங்கக்கூடியதைத் தேடுகிறான்.

காந்திபுரத்தில் ஒரு குறுக்குச் சந்தில் ஆஸிமின் ஆடியோ கடை இருக்கிறது. ஆஸிமுக்கு மதன்குமாரைவிட வயசு குறைவு, வாய் அதிகம்.

"என்னங்ணா, ஒயர்லெஸ்ஸ மாட்டிட்டா மிக்ஸ் பண்ணுனீங்க? அதுல சத்தம் வந்து சேர்றதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளைக்கு மறுவீட்டு விருந்தே முடிஞ்சிருமேங்ணா!"

அந்த நகைச்சுவைக்குத் தேவையானதைவிட அதிகமாக மதன்குமார் சிரித்தார்.

"அப்ப அதுதானுங்களே காரணம் பாய்?"

"வேற என்னங்ணா இருக்கப்போவுது? ஊட்டுல கேக்கறதுக்கு ஒயர்லெஸ். தொழிலுக்கு ஒயர். அது சின்னப் பையனுக்குத் தெரியுமே."

"வேற ஒன்னும் இருக்காதுங்களே?"

ஆஸிம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, மாட்டிப் பார்ப்பதற்காக மேசையில் வைத்திருந்த ஒயர் ஹெட்போனை எடுத்துக் கொடுத்து ஒரு பாட்டைப் போட்டார். மதன்குமார் வழக்கம்போல இடது காதில் ஒரு பக்கத்தைப் பொருத்தி, வலது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். கண்ணை மூடித் தாளத்துக்குத் தலையாட்டினார்.

"அருமைங்க பாய். பேஸெல்லாம் கணீர்னு இருக்குது."

ஆஸிம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. உள்ளே போய் அதே மாடலில் புதுப்பெட்டி ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். அதற்குப்பின் கடையில் அவர் கேலி எதுவும் பேசவில்லை என்பதை மதன்குமார் வீட்டுக்கு வந்தபிறகுதான் நினைத்துப் பார்த்தார்.

புது ஒயரைச் செருகி மேசையில் உட்கார்ந்தார். ஹாலுக்குப் பதில் ஒரு சிறு ஸ்பீக்கரை மெதுவாக வைத்துக்கொண்டார். இரண்டு பாட்டும் சேரவில்லை. மறுநாளும் சேரவில்லை. ஹெட்போனில் வரும் பாட்டின் தாள அடி கேட்டது. அதற்கு மேலே ஜல் ஜல் என்று ஒரு சத்தம் விழ வேண்டும். தாளத்தின் விளிம்பைக் காட்டுவது அதுதான். அது எங்கோ பக்கத்து வீட்டில் கேட்பதுபோல இருந்தது. சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். மிக்சரில் ஒரு குமிழைத் திருப்பினால் இரண்டு பாட்டையும் ஹெட்போனிலேயே கேட்கலாம். அதையும் செய்தார். ஒரே காதுக்குள் இரண்டும் அடித்துக்கொண்டன. எது எதுவென்று பிரிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ஹெட்போனைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஆஸிமிடம் போனார். கடையில் நுழையும்போதே கோபமாகத்தான் நுழைந்தார். ஆனாலும் வாயில் மரியாதை குறையவில்லை.

"ஏனுங் பாய், நம்மகிட்டயே இப்படிக் குடுக்கலாமுங்களா? லெஃப்ட் சைடு வேலையே செய்யலீங்க."

ஆஸிம் அதை மாட்டிக் கேட்டார். கழற்றினார். எழுந்து வந்து, இடது பக்கத்தை மதன்குமாரின் வலது காதில் வைத்தார். பாட்டு முழுசாக, ஜல் ஜல் சத்தத்தோடு கேட்டது.

கடைக்கு வந்திருந்த இன்னொருவர் கேபிள் வாங்கிக்கொண்டு போனார்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று மதன்குமார் கேட்டார்.

"அன்னைக்கு நான் மாட்டிப் பாக்கக் குடுத்த பீஸுல லெஃப்ட் செத்துப்போயிருந்துச்சுங்ணா. காலையில ஒரு காலேஜ் பையன் இழுத்து ஒயர அத்துப்போட்டான். நான் மறந்துபோய்க் குடுத்துட்டேன். நீங்க அத லெஃப்ட்ல வச்சுட்டு அருமைன்னீங்க."

வலது பக்கத்திலிருந்து கசிந்த சத்தத்தை வலது காதால் கேட்டுவிட்டு, அது இடது காதில் கேட்கிறது என்று அவர் நம்பியிருக்கிறார்.

"சொல்லியிருக்கலாமுங்களே."

"எப்படிங்ணா சொல்றது? தலைய ஆட்டிட்டு அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க."

மதன்குமார் காது டாக்டரிடம் போனார். முதலில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். வலது காதில் பரவாயில்லை. இடது காதுக்கு வந்ததும் நீண்ட நேரம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண் பொறுமையாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் காக்கவைப்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அமுத்தினார்.

அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சார், கடைசியா அமுத்துனீங்களே, அப்ப நான் சத்தமே குடுக்கலீங்க."

"நீங்க பாத்துட்டே இருந்தீங்களா, அதான் அமுத்திப்போட்டேனுங்க அம்மணி."

அவள் சிரிக்கவில்லை.

இடது காதின் நரம்பு போய்விட்டது, திரும்பி வராது என்றார் டாக்டர். வருஷக்கணக்காகப் பெரிய ஸ்பீக்கரின் ஓரத்தில் நின்று, அந்தச் சத்தத்தையும் மீறி ஹெட்போன் கேட்க வேண்டும் என்று கூட்டிக் கூட்டி வைத்ததால் வந்தது. வலது காதிலும் தொடங்கியிருக்கிறது. வேலையை விட்டால் அதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

மதன்குமார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டாக்டருங்க, காதுக்கு ஒயர் நல்லதுங்களா, ஒயர்லெஸ் நல்லதுங்களா?"

"காதுக்கு ரெண்டும் ஒன்னுதாங்க. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், அதுதான் கணக்கு."

வீட்டில் கோகிலா சோறு போட்டபடி கேட்டாள். "என்னங்க சொன்னாங்க?"

"காதுல குரும்பி அடைச்சிருந்துச்சாம். எடுத்து உட்டுட்டாங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

அவள் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து அவருடைய வலப்பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள்.

வைகாசியில் ஒரு வரவேற்புக்கு அவர் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டில் சொந்தமாக மண்டபம் வைத்திருக்கும் வெங்கடபதி நாயுடுவின் பேத்தி நவ்யாவின் கல்யாணம். அது நன்றாக அமைந்தால் அந்த மண்டபத்து வரவேற்புகள் எல்லாம் மதன்குமாருக்கே என்று பேச்சு. முடியாது என்று சொல்வதற்குப் பலமுறை ஃபோனை எடுத்தார். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். காதில்லாத டிஜே என்று ஒரு மண்டபத்தில் தெரிந்தால் ஒரு வாரத்தில் சத்தியமங்கலம் வரைக்கும் தெரிந்துவிடும். நாற்பது வயசுக்கு மேல் கணபதிக்குப் போய் மோட்டார் கட்ட முடியுமா? அதைக்கூட அவர் அதிகம் யோசிக்கவில்லை. மண்டபத்தில் கூட்டம் ஆடும்போது ஓரத்தில் நிற்கும் அந்த ஆள் தான் இல்லையென்றால் வேறு யார் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

வரவேற்பு நாள் மத்தியானம் பெட்டி கட்டும்போது இரண்டு ஹெட்போனும் கட்டிலில் கிடந்தன. புது ஒயர் ஹெட்போனைக் கையில் எடுத்தார். அது குற்றமில்லாத பொருள். அதை மாட்டிக்கொண்டு தப்பு செய்தால் தப்பு யாருடையது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். கீழே வைத்தார். ஒயர்லெஸ்ஸை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

கோகிலா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி அவர் வலப்பக்கம் நின்றாள்.

"அதுல சத்தம் லேட்டா வரும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"சார்ஜ் இருக்குது. இருக்கட்டும்."

"ஒயர் வச்சது புதுசா கெடக்குதுங்களே. அதுக்குத்தானே வாங்குனீங்க?"

"எனக்குத் தெரியாதா அம்மணி? உடு."

அவள் விட்டுவிட்டாள். ஒயர் ஹெட்போனைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து அலமாரியில் ஏற்றினாள்.

மண்டபத்தில் முதல் சில பாட்டுகள் ஒப்பேறின. கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் இருந்தது. ஏழு மணிக்கு மேல் மணமக்களும் இளவட்டங்களும் மேடைக்கு முன்னால் இறங்கினார்கள். அப்புறம் ஒன்றும் நிற்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு தாளமும் தடுக்கி விழுந்தன. பையன்கள் முதலில் விசிலடித்துக் கேலி செய்தார்கள். "அண்ணா, ரெண்டு படமும் ஒரே தியேட்டர்ல ஓடுதுங்ணா!" என்று ஒருவன் கத்தினான். பிறகு கேலியும் நின்றது. மணப்பெண் அவரைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

வெங்கடபதி வேட்டியைப் பிடித்தபடி மெதுவாக வந்தார். எண்பதைத் தொடும் வயசு. குரலில் கோபம் இல்லை.

"ஏனுங் தம்பி, எதாச்சும் வேணுமுங்களா? கரண்டு கிரண்டு சரியில்லீங்களா?"

மதன்குமார் தயாராக வைத்திருந்ததைச் சொன்னார். கழுத்தில் கிடந்த ஹெட்போனைத் தொட்டுக் காட்டினார்.

"இது புளூடூத்துங்க அய்யா. சத்தம் லேட்டா வருது. ஒயர் வச்சது ஊட்டுலயே நின்னுபோச்சுங்க."

"அட, இவ்வளவுதானா!" பெரியவரின் முகம் மலர்ந்தது. குற்றம் பொருளினுடையது, மனிதனுடையது அல்ல என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. திரும்பிப் பேரனைக் கூப்பிட்டார். "டேய் தேஜா! உன்ற கார்ல ஒயரு வச்ச ஹெட்போன் ஒன்னு கெடக்குதல்ல? ஓடிப்போய் எடுத்துட்டு வா. தம்பிக்கு வேணுமாம்."

மதன்குமார், "வேண்டாமுங்க, சமாளிச்சுக்கறேனுங்க" என்றார்.

"அதெல்லாம் என்ன சிரமமுங்க. நம்ம ஊட்டுக் கல்யாணம்."

தேஜா ஓடினான். ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குச் செய்தி பரவியது. ஹெட்போன்தான் பிரச்சினையாம், இப்போது சரியாகிவிடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நவ்யா முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். தேஜா மூச்சிரைக்க வந்து தன் ஹெட்போனை நீட்டினான். நல்ல பொருள். தடித்த, சுருள் சுருளான ஒயர். அவனே புளூடூத் கருவியைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகினான். "இப்பப் போடுங்ணா," என்றான்.

ஓடிக்கொண்டிருந்த பாட்டு கடைசிச் சரணத்தில் இருந்தது. மதன்குமார் ஹெட்போனை மாட்டினார். பழக்கத்தில் இடது காதில்தான் பொருத்தினார். அடுத்த பாட்டைப் போட்டார். அது ஓடுகிறது என்று திரையில் தெரிந்தது. காதில் ஒரு முணுமுணுப்பு. வலது காதுக்கு மாற்றினார். பாட்டு கேட்டது, ஹால் மறைந்துபோனது. மறுபடி இடதுக்கு வைத்தார். பெரியவர் பக்கத்திலேயே நின்றார். தேஜா ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், அது மேசையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. எல்லாரும் அவருக்கு உதவத்தான் நின்றார்கள். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதுலயும் வராதுங்க அய்யா."

"ஏனுங்க, இதுவும் ரிப்பேருங்களா?"

"இது நல்லாத்தானுங்க இருக்குது. எனக்குத்தான் இந்தக் காது போயிருச்சு."

பாட்டு முடிந்தது. அதன்மேல் அடுத்த பாட்டு ஏறவில்லை. ஹால் அமைதியானது. தூக்கிய கையோடு சிலர் நின்றார்கள். பந்தியில் இலை எடுக்கும் சத்தம் கேட்டது.

"பரவால்லீங்க" என்ற சொல்லை மதன்குமார் எதிர்பார்த்து நின்றார். வெங்கடபதி அதைச் சொல்லவில்லை. மதன்குமாரின் இடது காதை ஒரு கணம் பார்த்தார்.

"ஊட்டுல அம்மணிக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

அப்படிச் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கோகிலா சோறு போடும்போது மேசையைச் சுற்றி வருகிறாள். கட்டிலைச் சுற்றி வருகிறாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் வலது தோள்பக்கம் சாய்ந்துதான் பேசுகிறாள். எத்தனை மாதமாக? காது டாக்டருக்கு முன்பே. ஆஸிமுக்கு முன்பே. அந்த ஆவணிக்கும் முன்பே இருக்கலாம். குரும்பி என்று அவர் சொன்னபோது, "அவ்வளவுதானுங்களா" என்று கேட்டுவிட்டு ரசம் ஊற்றினாள்.

மேடைக்கு முன்னால் இன்னும் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பாட்டு ஒன்னு முடிஞ்சு ஒன்னுதானுங்க போட முடியும். நடுவுல இப்படித்தான் நின்னு நின்னு வரும். பரவால்லீங்களா?" என்று மதன்குமார் கேட்டார்.

"இன்னைக்கு ஓட்டிப்போடுங்க," என்றார் வெங்கடபதி. நாளைக்கு என்ன என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மதன்குமாரும் கேட்கவில்லை.

அடுத்த பாட்டை முதலிலிருந்து போட்டார். ஆடுகிறவர்களுக்கு அடியைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தேஜா தன் ஹெட்போனை எடுத்து, ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு போனான்.